சுட்டி இருந்தும் நாடப்படாமை: தரவுத்தள வரலாற்றில் ஒரு பிரச்சினை

தரவுத்தளங்களோடு தொழில் புரிவோரிடையே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. பல இலட்சம் பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணையிற் குறித்த ஒரு நிரலின்மீது சுட்டி அமைக்கப்பட்டிருக்கின்றது. அந்நிரலைக் கொண்டே வினவலும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் கணினி சுட்டியின் பக்கம் திரும்பியும் பாராது, முதல் நிரை தொடக்கம் இறுதி நிரை வரை ஒவ்வொன்றாக வாசித்துச் செல்கின்றது. சான்றிதழ் ஒன்றுக்காக அலுவலகக் கருமபீடத்தின் முன்னே காத்து நிற்பவருக்குக் 'கணினி தாமதமாக இருக்கிறது' என்ற விடை மாத்திரமே கிடைக்கின்றது. உள்ளே இருப்பவரோ, 'சுட்டி இருக்கிறது; கணினிதான் அதைப் பொருட்படுத்தவில்லை' என்கின்றார்.

'பொருட்படுத்தவில்லை' என்னும் சொல்லாட்சி கவனத்திற்குரியது. கட்டளையிடும் உரிமை ஒருவருக்கு இருந்தாலன்றிக் கட்டளை மீறப்பட்டது என்று கூறுவதற்கு இடமில்லை. எந்த வழியாகச் சென்று தரவைத் தேட வேண்டும் எனப் பணிக்கும் உரிமை வினவலை எழுதுபவருக்கு உண்டா? ஒரு காலத்தில் இருந்தது. 1970களில் அவ்வுரிமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டுக் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. அது தற்செயலாக நிகழ்ந்த மாற்றமன்று. நீண்ட விவாதத்தின் பின்னர், நன்கு ஆராய்ந்து செய்யப்பட்ட மாற்றமாகும். எனவே சுட்டி நாடப்படாமை என்பதைப் பொறியியலாளரின் பிரச்சினையாக மாத்திரமன்றி, வரலாற்று மாணவரின் பிரச்சினையாகவும் நோக்கலாம். கலைப்பீட மாணவர் ஒருவர் இத்துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின், கிடைத்த சான்று எத்துணை நம்பத்தக்கது என வினவுவதே எமது துறையின் அடிப்படைப் பயிற்சி. இப்பிரச்சினையின் காரணத்தைத் தேடுவோரும் ஈற்றில் அவ்வினாவுக்கே வந்து சேர்கின்றனர்.

சுட்டி என்பதன் இயல்பை நூலகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் பெயர்வாரியாக அடுக்கப்பட்ட அட்டைகள் நூல் எந்தத் தட்டில் இருக்கின்றது எனக் காட்டுகின்றன. ஒரு நூலைத் தேடி வருபவருக்கு இவ்வட்டைகள் பேருதவியாகும். ஆனால் நூலகத்திலுள்ள நூல்களுட் பாதியைப் பார்வையிட வேண்டும் என்று வருபவர் அட்டைக்கும் தட்டுக்குமாகப் பல்லாயிரம் தடவை நடக்கமாட்டார். தட்டுகளின் வழியே ஒழுங்காக நடந்துவிடுவார். இந்த எளிய உண்மையை மனத்திற் கொள்வோமாயின் பின்னர் வருவன பலவும் தெளிவாகும்.

1960களில் நிலைமை வேறாக இருந்தது. ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்திற் சார்ள்ஸ் பாக்மன் உருவாக்கிய ஐ.டி.எஸ். என்னும் முறைமையிலும், அப்பலோ விண்வெளித் திட்டத்தின் தேவைகளை ஒட்டி ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கி 1968இல் இயங்கவைத்த ஐ.எம்.எஸ். என்னும் முறைமையிலும் தரவை அடையும் வழியைச் செய்நிரலரே எழுதினார். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு, அதிலிருந்து அதன் கீழுள்ள பதிவுக்கு என அவர் படிப்படியாகப் பயணம் செய்தார். 1973ஆம் ஆண்டு டியூரிங் விருதைப் பெற்ற பாக்மன், தமது விருதுப் பேருரையிற் செய்நிரலரைக் கடலோடிக்கு ஒப்பிட்டார். அவ்வுரையின் தலைப்பே அதுதான். வழி அறிந்தவன் கலத்தைச் செலுத்துவான் என்ற பெருமிதம் அதிற் பொதிந்திருந்தது எனலாம். இத்தகைய முறைமையிற் சுட்டி நாடப்படாமற் போவதற்கு வழியே இல்லை. நாடு என்று எழுதினால் நாடும், எழுதாவிடில் நாடாது.

ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகமாக இருந்தது. தரவை அடுக்கியிருக்கும் முறை மாறினால், அதனை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்கள் யாவும் பழுதடைந்தன. இக்குறைபாட்டையே எட்கார் கொட் தமது ஆய்வின் தொடக்கமாகக் கொண்டார். இங்கிலாந்திற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றி, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சன் ஹொசே ஆய்வுகூடத்தில் ஆய்வாளராக விளங்கிய இவர், 1970ஆம் ஆண்டு யூன் மாதம் வெளியிட்ட கட்டுரையே தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டின் தோற்றுவாய். அட்டவணைகளைப் பற்றிய கட்டுரை என்றே அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றது. அதன் முற்பகுதியைப் படிப்போர் வேறொன்றையும் காண்பர். செய்நிரல்கள் மூன்று வகையிலே தரவின் அமைப்பிற் சார்ந்து கிடக்கின்றன என்று கொட் எடுத்துக்காட்டினார். தரவின் வரிசையிற் சார்தல் ஒன்று. சுட்டியிற் சார்தல் இன்னொன்று. அணுகுவழியிற் சார்தல் மற்றொன்று. சுட்டி என்பது விரைவுக்காகச் சேர்க்கப்படும் மேலதிகமான ஒன்று. அது இன்று தோன்றலாம், நாளை நீக்கப்படலாம். அதனாற் செய்நிரல் மாறவேண்டி வரலாகாது என்பதே அவரது நிலைப்பாட்டின் சாரம்.

இதன் விளைவை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சுட்டி தோன்றினாலும் மறைந்தாலும் வினவல் மாறக்கூடாது என்றால், வினவலிற் சுட்டியின் பெயர் இடம்பெறவே கூடாது. பெயர் இடம்பெறாவிடின், எந்தச் சுட்டியை நாடுவது, நாடுவதா இல்லையா என்ற தீர்மானத்தை வேறொருவர் எடுத்தாக வேண்டும். எனவே சுட்டியைப் பொருட்படுத்தாதிருக்கும் சுதந்திரம் கணினிக்கு 1970ஆம் ஆண்டிலேயே கொள்கையளவில் வழங்கப்பட்டுவிட்டது. கொட் வழுவொன்றை அனுமதிக்கவில்லை. ஓர் உரிமையை இடம்மாற்றினார்.

அக்காலத்திற் பலர் இதனை ஏற்கவில்லை. 1974இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரிலே கொட் தரப்பினருக்கும் பாக்மன் தரப்பினருக்கும் இடையே நிகழ்ந்த விவாதம் இத்துறையின் வரலாற்றிற் புகழ்பெற்றது. வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் முறைமை, தேர்ந்த செய்நிரலர் ஒருவர் கையால் எழுதிய வழிக்கு விரைவில் ஈடாகுமா என்ற ஐயமே எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதமாக விளங்கியது. ஐயம் நியாயமானதே. எடுத்துக்காட்டுவதற்கு வணிகப் பயன்பாட்டில் இயங்கும் முறைமை எதுவும் அப்போது கொட் தரப்பினரிடம் இருக்கவில்லை.

இதற்கிடையிற் சுட்டியின் அமைப்பிலும் பெரும் மாற்றம் ஏற்பட்டிருந்தது. சியாற்றில் நகரிலே போயிங் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ருடோல்ப் பேயர், எட்வேட் மக்கிறைற் ஆகிய இருவரும் 1970இல் எழுதி 1972இல் ஆய்வேடொன்றில் வெளியிட்ட பி-மரம் என்னும் அமைப்பு, சேர்த்தலும் நீக்கலும் தொடர்ந்து நிகழ்ந்தபோதும் சமநிலை குலையாத சுட்டியைச் சாத்தியமாக்கியது. ஒரு பக்கத்தில் நூறு சாவிகள் அடங்குமாயின் மூன்று படிகளிற் பத்து இலட்சம் பதிவுகளுள் ஒன்றை எட்டிவிடலாம். 'பி' என்ற எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பதை அவ்விருவரும் கட்டுரையில் விளக்காமலே விட்டனர். அதுபற்றிய ஊகங்கள் இன்றுவரை தொடர்கின்றன. இன்று நாம் சுட்டி என்று கூறும்போது பெரும்பாலும் இம்மரத்தையோ அதன் வழித்தோன்றலையோதான் கருதுகின்றோம்.

இவ்விரு ஓடைகளும் சங்கமித்த இடம் சன் ஹொசேயில் ஐ.பி.எம். மேற்கொண்ட சிஸ்ரம்-ஆர் என்னும் ஆய்வுத்திட்டம். டொனால்ட் சேம்பலின், றேமண்ட் பொய்ஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட சீக்குவெல் என்னும் மொழி, பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. அம்மொழியில் எழுதப்பட்ட வினவலுக்கு வழி தேர்ந்தெடுக்கும் பகுதியைப் பற்றிப் பற்றீசியா செலிஞ்சரும் சகாக்கள் நால்வரும் 1979இற் பொஸ்ரன் மாநாட்டில் வாசித்த கட்டுரை, சுட்டி நாடப்படாமைக்குக் காரணம் தேடுவோர் அனைவரும் படிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ஒப்ரிமைசர் எனப்படும் அப்பகுதியை இங்கு உகப்பாக்கி என்று குறிப்போம்.

உகப்பாக்கி செய்வது ஒரு கணக்கு. ஒவ்வொரு வழிக்கும் எத்தனை பக்கங்களை வட்டிலிருந்து எடுக்க வேண்டும், எத்தனை பதிவுகளைக் கையாள வேண்டும் என மதிப்பிட்டு, செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றது. உதாரணமாக, ஓர் இலட்சம் நிரைகள் ஆயிரம் பக்கங்களில் அடங்கியிருக்கின்றன எனக் கொள்வோம். முழுவதையும் வாசிக்க ஆயிரம் பக்கங்களை எடுக்க வேண்டும். வினவல் ஐந்து சதவீத நிரைகளை, அதாவது 5,000 நிரைகளைக் கேட்கின்றது. அந்நிரைகள் சுட்டியின் ஒழுங்கில் அடுக்கப்படாமல் அட்டவணை எங்கும் சிதறிக் கிடக்குமாயின், சுட்டிவழி செல்பவர் நிரைக்கு ஒன்றாக ஏறத்தாழ 5,000 தடவை பக்கம் எடுக்க நேரிடலாம். முழு வாசிப்பைவிட இது ஐந்து மடங்கு. நிரைகள் சுட்டியின் ஒழுங்கிலேயே அடுக்கப்பட்டிருந்தாலோ, ஐம்பது பக்கங்களும் சுட்டியின் சில பக்கங்களுமே போதும். ஒரே அட்டவணை, ஒரே வினவல், ஒரே சுட்டி. அடுக்கு மாத்திரமே வேறு. சிதறிய நிலையில் வினவல் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரைகளைக் கேட்டவுடனேயே சுட்டி தோற்றுவிடுகின்றது என்பது பலருக்கு நம்பமுடியாததாகத் தோன்றும். ஆயினும் கணக்கு அப்படித்தான் இருக்கின்றது. சுட்டியைப் பொருட்படுத்தவில்லை எனும் முறைப்பாடுகளிற் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிட வேண்டியவை. அங்கே கணினி செய்தது சரி.

பயிற்சிக்காக இருபது நிரைகள் கொண்ட அட்டவணை ஒன்றை அமைத்து, அதிற் சுட்டி நாடப்படவில்லை என்று குறைகூறும் மாணவரும் உளர். இருபது நிரைகளும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதற்கு அட்டைப்பெட்டி எதற்கு?

தீர்ப்பு சரியாக இருப்பதற்குக் கணக்கு மாத்திரம் போதாது. கணக்கிற்கு ஆதாரமான தகவலும் சரியாக இருக்க வேண்டும். சிஸ்ரம்-ஆர் தனது பட்டியலில் ஒவ்வோர் அட்டவணைக்கும் நிரைகளின் தொகை, பக்கங்களின் தொகை, சுட்டியிலுள்ள வேறுபட்ட சாவிகளின் தொகை போன்ற சில எண்களையே வைத்திருந்தது. அவற்றையும் ஒவ்வொரு சேர்ப்பின்போதும் புதுப்பிக்கவில்லை. அவ்வாறு செய்தால் எல்லோரும் அப்பட்டியலின் வாயிலிலே காத்து நிற்க நேரிடும் என அஞ்சி, வேண்டும்போது ஒரு கட்டளையாற் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். தகவல் இல்லாத இடத்தில் ஊகம் நின்றது. சுட்டியற்ற நிரலொன்று ஒரு பெறுமானத்துக்குச் சமம் என வினவினால் பத்தில் ஒரு பங்கு நிரைகள் தேறும். ஒரு பெறுமானத்தைவிடப் பெரியவை எனக் கேட்டு, அதனைக் கணிக்க வழியில்லையாயின் மூன்றில் ஒரு பங்கு. இரு பெறுமானங்களுக்கு இடைப்பட்டவை எனின் நான்கில் ஒரு பங்கு. இவ்வெண்கள் அளந்து பெறப்பட்டவை அல்ல. எழுதியவர்களும் அவற்றை அளவீடு என்று பாவனை செய்யவில்லை. ஆயினும் அவற்றின் சாயலைப் பிற்கால முறைமைகள் பலவற்றிலும் அவதானிக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இருந்தது என்பதை இவ்விடத்திற் குறிப்பிடாமல் விடமுடியாது. 1979இற் சந்தைக்கு வந்த ஒரக்கிள் முறைமை, நீண்ட காலம் விதிகளின் வழியே வழியைத் தேர்ந்தது. அணுகுவழிகள் பதினைந்து தரங்களாக வகுக்கப்பட்டன. முழு வாசிப்பு பதினைந்தாவது, அதாவது கடைசித் தரம். சுட்டி ஒன்று பொருந்துமாயின் அட்டவணை எவ்வளவு சிறிதாயினும், கேட்கப்படும் நிரைகள் எவ்வளவு அதிகமாயினும் சுட்டியே வென்றது. அக்காலத்துச் செய்நிரலர் எதிர்கொண்ட தொல்லை நமது தொல்லைக்கு மறுதலையானது: சுட்டியை நாடாதே என்று கணினியைத் தடுக்க வேண்டியிருந்தது. எண் நிரலோடு பூச்சியத்தைக் கூட்டியும், எழுத்து நிரலோடு வெறுமையான சரமொன்றை ஒட்டியும் சுட்டியை மறைத்தனர். 1992இல் ஒரக்கிளின் ஏழாம் பதிப்போடு செலவுக் கணக்கு முறை அங்கும் நுழைந்தது. கேட்காமலே சுட்டியைப் பெற்றுப் பழகியவர்களுக்கு, அது சிலவேளை மறுக்கப்பட்டமை அநீதியாகவே தோன்றியிருக்கும். முறைப்பாட்டின் மொழியிற் காணப்படும் அந்த உரிமைக் குரலுக்கு இப்பழக்கமும் ஒரு காரணம் என்பது எனது எண்ணம்.

பூச்சியத்தைக் கூட்டினால் சுட்டி ஏன் மறைகின்றது என்ற வினா, காரணங்களுள் இன்னொரு வகைக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. இங்கு உகப்பாக்கி சுட்டியை மறுப்பதில்லை. சுட்டியை நாட அதற்கு இயலாமற் போகின்றது. செலிஞ்சர் குழுவினர் சுட்டியால் விடையளிக்கத்தக்க நிபந்தனைகளுக்குத் தனிப்பெயரே இட்டிருந்தனர். நிரல் தனித்து ஒரு புறமும், பெறுமானம் மறுபுறமும் நிற்க வேண்டும். பிறந்த திகதியின்மீது சுட்டி இருக்கையில், அத்திகதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து அது 1984க்குச் சமமா என வினவினால், சுட்டியில் இருப்பன திகதிகளேயன்றி ஆண்டுகள் அல்ல. 1984 சனவரி முதலாந் திகதி தொடக்கம் 1985 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் வரை என எழுதினால் அதே விடை சுட்டியின் வழியே கிடைத்துவிடும். கருத்து ஒன்றே, எழுதிய முறையே வேறு. 'லிங்கம்' என முடியும் பெயர்களைத் தேடுதலும் இவ்வாறானதே. முதலெழுத்து வாரியாக அடுக்கப்பட்ட தொலைபேசிக் கைந்நூலில் இறுதி எழுத்தைக் கொண்டு தேடுபவர் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். மாவட்டமும் பெயரும் சேர்ந்த சுட்டியில் மாவட்டத்தைக் கூறாமற் பெயரை மாத்திரம் கூறுவதன் இடரும் இதுவே.

தரவின் வகை பிழைத்தல் இவற்றினும் நுட்பமானது. நமது நாட்டின் தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்கு நல்ல உதாரணம். முன்னைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் கொண்டது. ஆகவே அதனை எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும். 2016 தொடக்கம் வழங்கப்படுவதோ பன்னிரண்டு எண்கள் மாத்திரமே கொண்டது. அதனை வினவலில் மேற்கோட் குறியின்றி எண்ணாக எழுதிவிடுதல் எளிது. மை எஸ்.கியூ.எல். முறைமையில் அவ்வாறு எழுதினால் வினவல் பிழையின்றி ஓடும், விடையும் வரும். ஆனால் ஒவ்வொரு நிரையிலுமுள்ள சரம் எண்ணாக மாற்றப்பட்டே ஒப்பிடப்படும், சுட்டி பயன்படாது. வேறுபட்ட பல சரங்கள் ஒரே எண்ணாக மாறக்கூடுமாதலால் அங்குச் சுட்டியை நம்பமுடியாது என்பதே காரணம். போஸ்ற்கிரெஸ் முறைமையோ இத்தகைய ஒப்பீட்டை ஏற்காது, பிழை என அறிவித்துவிடுகின்றது. மௌனமாக உதவும் முறைமையைவிட முகத்திற்கு நேரே மறுக்கும் முறைமை பின்னர் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

தமிழிலே தரவு வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அங்கு எழுத்துகளுக்கு இடப்பட்ட எண்வரிசை நமது நெடுங்கணக்கு வரிசையன்று. நெடுங்கணக்கின் ஈற்றில் நிற்கும் னகரம் அங்கு நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன்னே நிற்கின்றது. றகரம் ரகரத்தை அடுத்து வருகின்றது. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகள் யாவற்றுக்கும் பின்னே இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்தள்ளப்படுகின்றது. இந்த எண்வரிசையில் அமைந்த சுட்டி, பெயர்களை அகராதி ஒழுங்கிலே தா என்னும் வினவலுக்கு உதவாது. கணினி பெயர்களை எல்லாம் வாசித்து, மீள அடுக்கித்தான் தர வேண்டும். தமிழ் வரிசைவிதியைக் கொண்டு சுட்டி அமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது பயன்படும். சுட்டி என்பது ஒரு வரிசை. எந்த வரிசை என்று கேளாமல் அதனை அமைப்போர் பலர்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். வினவல் செவ்வையாக எழுதப்பட்டிருக்கின்றது. கேட்கப்படும் நிரைகளும் சிலவே. ஆயினும் சுட்டி நாடப்படவில்லை. இங்கு உகப்பாக்கி தவறு செய்கின்றது. ஆனால் அதன் தருக்கம் பெரும்பாலும் தவறுவதில்லை. அது நம்பியிருக்கும் சான்றே தவறானது.

மேன்முறையீடுகளைப் பதியும் அட்டவணை ஒன்றைக் கற்பனை செய்வோம். அதிற் பத்து இலட்சம் நிரைகள். 'நிலை' என்னும் நிரலில் இரண்டே பெறுமானங்கள்: தீர்க்கப்பட்டது, நிலுவையிலுள்ளது. நிலுவையில் உள்ளவை ஐந்நூறு. அவற்றைத் தேடுவதற்குச் சுட்டியைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் வேறுபட்ட பெறுமானங்கள் இரண்டு என்பதை மாத்திரம் அறிந்த உகப்பாக்கி, பெறுமானங்கள் சமமாகப் பரந்துள்ளன என எடுத்துக்கொண்டு, ஐந்து இலட்சம் நிரைகள் தேறும் என மதிப்பிடும். ஐந்து இலட்சத்துக்கு முழு வாசிப்பே சரி. ஐந்நூறு மனுதாரர்கள் காத்திருப்பது இந்த ஒரு சராசரியின் பொருட்டு. சனத்தொகைக் கணக்கெடுப்பின் சராசரிகளைக் கொண்டு ஒரு கிராமத்தின் நிலைமையை எழுதப் புகும் வரலாற்றாசிரியரும் இதே குழியில் விழுந்திருக்கின்றார் அல்லவா?

இதற்கான பரிகாரம் 1980களிலே தோன்றியது. பியாற்றெற்ஸ்கி-ஷப்பிரோவும் கொனெலும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, பெறுமானங்களின் பரம்பலைச் சம எண்ணிக்கையுடைய கூறுகளாக வகுத்துப் பதிந்துவைக்கும் முறையை முன்வைத்தது. இன்றைய முறைமைகள் மிகுதியாக வரும் பெறுமானங்களைத் தனியாகவும் குறித்துவைக்கின்றன. ஆயினும் அப்படம் எடுக்கப்பட்ட நாளுக்கும் வினவல் ஓடும் நாளுக்கும் இடையே தரவு மாறியிருக்கலாம். வெறுமையாக இருந்தபோது அளக்கப்பட்ட அட்டவணையிற் பின்னர் பல இலட்சம் நிரைகள் நிரம்பியிருக்கலாம். பழைய அளவை நம்பும் உகப்பாக்கிக்கு அது இன்னும் சிறிய அட்டவணையே. அன்றி, வினவலில் பெறுமானத்தின் இடம் வெறுமையாக விடப்பட்டுப் பின்னர் நிரப்பப்படுமாயின், நிலுவையா தீர்ந்ததா என்பதை அறியாமலே வழி தேர்ந்தெடுக்கப்படவும் கூடும். அங்கே நல்ல படம் இருந்தும் பயனில்லை.

இயந்திரத்தைப் பற்றிய நம்பிக்கைகளும் பழையனவாகலாம். போஸ்ற்கிரெஸ் முறைமையில் ஒழுங்காக ஒரு பக்கத்தை வாசிக்கும் செலவு ஒன்று எனவும், சிதறலாக ஒரு பக்கத்தை எடுக்கும் செலவு நான்கு எனவும் நெடுங்காலமாக முன்னிருப்பாக வைக்கப்பட்டுள்ளன. சுழலும் வட்டின் காலத்திற்கு இது ஏற்ற எண். சுழற்சியற்ற திண்மநிலைச் சேமிப்பகத்தில் அந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. எண்ணை மாற்றாதவரின் கணினி, தன்னுள்ளே இல்லாத ஒரு வட்டு சுழல்வதாக எண்ணிக்கொண்டு சுட்டிக்குக் கூடுதற் செலவை எழுதுகின்றது. கைவிடப்பட்ட நாணயத்தில் விலை குறிக்கப்பட்ட பழைய பேரேடு நினைவுக்கு வருகின்றது.

பல அட்டவணைகள் இணையும்போது நிலைமை மேலும் சிக்கலாகும். மதிப்பீட்டுப் பிழைகள் இணைப்புகளின் தொகையோடு அடுக்கடுக்காகப் பெருகுவதை இயோனிடிசும் கிறிஸ்தோடூலாக்கிசும் 1991இற் காட்டினர். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தவர் முதன்மையாகப் பங்குகொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, திரைப்படத் தரவுகளின்மீது 113 வினவல்களை ஓட்டி, பல முறைமைகளின் மதிப்பீடுகளை ஒப்புநோக்கியது. நிரைத்தொகை மதிப்பீட்டின் பிழையே பெருங்கேடு விளைப்பது, செலவுச் சூத்திரத்தின் பிழை அதனோடு ஒப்பிடுகையிற் சிறியது என்பது அதன் முடிபு. முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னரும் 1979இன் கணக்கு பெரும்பாலும் நின்றது. அதற்கு ஊட்டப்பட்ட சான்றுகளே தடுமாறின.

சான்று சரியாக இருந்தும் வழியே அறியாதிருந்த நிலையும் இருந்தது. சிஸ்ரம்-ஆர் ஓர் அட்டவணைக்கு ஒரு சுட்டியையே நாடியது. இரு நிரல்களில் இரு சுட்டிகள் இருந்தால் ஒன்று வீணே நின்றது. பல சுட்டிகளின் விடைகளை ஒன்றிணைத்து ஓர் அட்டவணையை அணுகும் முறைகளை 1990இல் விரிவாக எழுதியவர்களுள் முதலாவது பெயருக்குரியவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இற் பட்டம் பெற்று ஐ.பி.எம். ஆய்வாளரான சி. மோகன் ஆவர்.

இவற்றிலிருந்து ஆராயும் முறையொன்று பெறப்படுகின்றது. இன்றைய முறைமைகள் பலவும் வினவலுக்குத் தாம் தேர்ந்த வழியை 'எக்ஸ்பிளெயின்' என்னும் கட்டளையால் வெளியிடுகின்றன. பலர் அதிற் சுட்டியின் பெயர் இருக்கின்றதா என்று மாத்திரம் பார்த்து நின்றுவிடுகின்றனர். பார்க்க வேண்டியது ஒவ்வொரு படியிலும் எத்தனை நிரைகள் எதிர்பார்க்கப்பட்டன, எத்தனை வந்தன என்ற இரு எண்களையே. வினவலை உண்மையாகவே ஓட்டி இரண்டையும் அருகருகே காட்டும் வசதி போஸ்ற்கிரெஸ் முதலியவற்றில் உண்டு. இரு எண்களும் நெருங்கி நிற்க, முழு வாசிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், கணினி சரியாக இருக்கக்கூடும். அல்லது செலவு எண்களே பழையன. எண்கள் முதன்முதலாக எங்கே பிரிகின்றனவோ அங்கே பழுதுண்டு. அந்த அட்டவணை எப்போது அளக்கப்பட்டது, அந்நிரலின் பரம்பல் யாது, இரு நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்தனவா என வினவ வேண்டும். முழு வாசிப்பைச் சற்று நேரம் தடைசெய்து, சுட்டிவழிக்கு உகப்பாக்கி எவ்வளவு செலவு எழுதுகின்றது எனப் பார்ப்பதும் பயனுள்ள பரிசோதனை. தடைசெய்தும் சுட்டி வரவில்லையாயின், அது விரும்பாமையன்று, இயலாமை. வினவலின் வடிவத்தையும் தரவின் வகையையும் வரிசையையும் நோக்கித் திரும்ப வேண்டும்.

இவ்வளவு பொறுமை இல்லாதோருக்குக் குறிப்புரை என்னும் குறுக்குவழி உண்டு. ஒரக்கிள் முதலிய முறைமைகளில், இந்தச் சுட்டியையே நாடுக என வினவலுக்குள்ளேயே பெயர் சுட்டி எழுதிவிடலாம். போஸ்ற்கிரெஸ் முறைமையை வளர்ப்போர் இவ்வசதியை நெடுங்காலம் ஏற்க மறுத்து வந்தனர். நள்ளிரவில் ஓர் அலுவலகத்தின் பணிகள் யாவும் முடங்கிக் கிடக்கும்போது அவர்களது கொள்கைப்பற்றைப் பாராட்டுவது கடினம். ஆயினும் அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகின்றேன். இன்று ஐந்நூறாக இருக்கும் நிலுவை நாளை மூன்று இலட்சமாகலாம். சுட்டி வேறு பெயரில் மீள அமைக்கப்படலாம். குறிப்பு மாத்திரம், எழுதியவர் விலகிச் சென்ற பின்னரும், அன்றைய நிலைமையை உரைத்துக்கொண்டே இருக்கும். 1970இற் கொட் களைய முயன்ற சுட்டியிற் சார்தல் பின்வாயிலால் மீண்டும் உள்ளே வந்துவிடுகின்றது. மேன்முறையீட்டு அட்டவணைக்கு அதனினும் நல்ல வழி இருக்கின்றது. நிலுவையிலுள்ள நிரைகளுக்கு மாத்திரம் சுட்டி அமைத்தல் அது. இத்தகைய பகுதிச் சுட்டிகளுக்காக மைக்கல் ஸ்டோன்பிறேக்கர் 1989இலேயே வாதாடியிருந்தார். அச்சுட்டியில் ஐந்நூறு பதிவுகளே இருக்கும். வினவலில் ஒரு சொல்லும் மாறவேண்டியதில்லை.